பழைய அமெரிக்கத் தங்கக் காசைத் தராசில் வைக்குமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்க விலை ஏறும்போதெல்லாம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய காசுகள் சிங்கப்பூர்த் தேக்கா வட்டார நகைக்கடைத் தராசுக்கு வந்துவிடும். பெரும்பாலும் அவை பிரிட்டிஷ் சவரன்கள். எடைக்குக் கொடுத்தாலும் பெரிய நட்டமில்லை. எப்போதாவது அந்தக் குவியலில் ஓர் அமெரிக்கக் காசு கலந்திருக்கும். ஒரு பக்கம் நெற்றிப்பட்டை அணிந்த பெண் தலை, மறுபக்கம் சிறகு விரித்த கழுகு. அது 19ஆம் நூற்றாண்டுக் காசாகவும், அதிலும் சேகரிப்போருக்கென்று தனி மெருகோடு அடித்த ‘ப்ரூஃப்’ என்ற தனிவகையாகவும் இருந்துவிட்டால், எடைக்கு விற்றவர் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இதற்கு நேரெதிரான தவறுதான் இங்கே அதிகம் நடக்கக்கூடியது: பளபளக்கும் சாதாரணக் காசை ப்ரூஃப் என்று நம்பி இணையத்தில் பல மடங்கு விலைக்கு வாங்குவது. இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். ப்ரூஃப் காசின் விலை அதன் எடையில் இல்லை, மேல்தோலில் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். அந்த மேல்தோலை எப்படிப் படிப்பது, எப்படிக் கெடுக்காமல் இருப்பது, சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தால் செலவு என்ன ஆகும் என்பதை உங்கள் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லவே இந்தக் கடிதம். சற்று நீளம்தான், பொறுத்தருள்க.

முதலில் எடைக்கணக்கை முடித்துவிடலாம். 1837ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கத் தங்கக் காசில் ஆயிரத்துக்கு 900 பங்கு தங்கம். மிச்சம் பெரும்பாலும் செம்பு. நம் கடைகளில் ‘916’ என்பது 22 காரட் என்றால், இது 21.6 காரட். ஐந்து டாலர் காசான ஹாஃப் ஈகிள் 8.359 கிராம், சவரன் 7.988 கிராம். காரட் சற்றுக் குறைந்தாலும் எடை கூடுதல் என்பதால் ஹாஃப் ஈகிளில் சுத்தத் தங்கம் 7.52 கிராம், சவரனில் 7.32 கிராம். மற்றவை: இருபது டாலர் டபுள் ஈகிள் 33.436 கிராம், பத்து டாலர் ஈகிள் 16.718, மூன்று டாலர் காசு 5.015, இரண்டரை டாலர் குவாட்டர் ஈகிள் 4.18, ஒரு டாலர் காசு 1.672. கடைசியாகச் சொன்னது சட்டைப் பொத்தானைவிடப் பெரிதாக இருக்காது. இந்த எண்களைத் தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளலாம். போலியைப் பிடிக்க விரிக்கும் முதல் வலை இது.

இனி ப்ரூஃப். சிங்கப்பூர் மிண்ட் ஆண்டுதோறும் வெளியிடும் ராசிவிலங்கு நாணயங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல: கண்ணாடி போன்ற தளம், அதன்மேல் பனி படிந்தாற்போல் வெளிறிய உருவம். 19ஆம் நூற்றாண்டில் பிலடெல்ஃபியா நாணயச்சாலையில் இதைக் கையால் செய்தார்கள். காசில் உருவம் பதிக்கும் எஃகு அச்சு தயாரானதும் அதன் தட்டையான பகுதியை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்குவார்கள். உருவம் இருப்பது அச்சின் பள்ளத்தில். மெருகுக் கல் அங்கே எட்டாது. அதனால்தான் காசில் தளம் மின்னும், உருவம் மங்கலாக நிற்கும். தங்க வில்லையையும் தனியே மெருகேற்றி, பதக்கம் அடிக்கும் மெதுவான பொறியில் வைத்து, ஒரு முறைக்கு மேல் அழுத்துவார்கள். சாதாரணக் காசு நீராவிப் பொறியில் மடமடவென்று விழுந்து, வாளியில் மற்றவற்றோடு உரசி, பையில் மூட்டையாகப் போகும். ப்ரூஃப் காசை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்கள். ஆகவே ப்ரூஃப் என்பது செய்யும் முறை. தரத்தின் பெயர் அல்ல. கீறல் விழுந்து, சட்டைப்பையில் கிடந்து தேய்ந்தாலும் அது ப்ரூஃப்தான். எவ்வளவு பளபளத்தாலும் சாதாரணக் காசு ப்ரூஃப் ஆகாது.

எவ்வளவு அடித்தார்கள் என்பதைப் பார்த்தால் விலை ஏன் இப்படி என்பது புரிந்துவிடும். 1863 குவாட்டர் ஈகிள் பிலடெல்ஃபியாவில் 30 ப்ரூஃப் மட்டும். சாதாரணக் காசு ஒன்றுகூட இல்லை. 1875 ஈகிளில் சாதாரணக் காசு 100, ப்ரூஃப் 20. 1876 மூன்று டாலர் காசு 45 ப்ரூஃப் மட்டும். பிலடெல்ஃபியா டபுள் ஈகிளில் 1883க்கு 92, 1884க்கு 71, 1887க்கு 121. மூன்று ஆண்டுகளிலும் ப்ரூஃப் தவிர வேறில்லை. அடித்ததெல்லாம் தங்கவும் இல்லை. அப்போது விருப்பமுள்ள எவரும் நாணயச்சாலையிடம் முகமதிப்புக்கு மேல் காசுக்கு 25 சென்ட் கூடுதலாகக் கொடுத்து வாங்கலாம். ஒன்று, இரண்டரை, மூன்று, ஐந்து, பத்து, இருபது என்று ஆறு காசும் சேர்த்தால் முகமதிப்பு 41.50 டாலர், கூடுதல் ஒன்றரை டாலர், ஆக மொத்தம் 43 டாலர். அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளி வாரக்கணக்கில் உழைத்தால் கிடைக்கும் தொகை அது. அதனால் பெரும்பாலானோர் வெள்ளி, செம்புக் காசுகளோடு நிறுத்திக்கொண்டார்கள். விற்காமல் போன தங்க ப்ரூஃப்களைப் பெரும்பாலும் உருக்கிவிட்டார்கள்; வாங்கியவர்களிலும் சிலர் பணமுடை வந்தபோது கடையில் கொடுத்துச் செலவழித்தார்கள். ஒரு வகையில் 1933 இவற்றைக் காப்பாற்றியது எனலாம். பொதுமக்கள் தங்கத்தை ஒப்படைக்க வேண்டும் என்று ஏப்ரல் 5ஆம் தேதி வந்த அதிபர் ஆணை, சேகரிப்போருக்குத் தனிமதிப்புள்ள அரிய காசுகளுக்கு விலக்கு அளித்தது.

இவை நம் வட்டாரத்துக்குத் தொடர்பில்லாத பண்டங்கள் என்று எண்ண வேண்டாம். அமெரிக்க ப்ரூஃப்களிலேயே பெரும்புகழ் பெற்ற தொகுதி ஒன்று 1836இல் பேங்காக்குக்கு வந்தது. எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கத் தூதர் ‘பீகாக்’ என்ற கப்பலில் கொண்டுவந்து சயாம் மன்னர் மூன்றாம் ராமாவுக்குக் கொடுத்த அன்பளிப்பு அது. அதற்கு முன் மஸ்கட் சுல்தானுக்கும் ஒரு தொகுதி கொடுத்தாயிற்று. சயாம் தொகுதியில் இருந்த ஈகிளில் 1804 என்று பொறித்திருக்கிறது; அடித்ததோ 1830களில். உண்மையாகவே 1804இல் அடித்த ஈகிள்களில் 4 என்ற எண்ணின் குறுக்குக்கோட்டு நுனியில் சிறு குறுக்குக்கட்டை இருக்கும். அன்பளிப்புக்காக அடித்ததில் அது இல்லை. ஓர் எண்ணின் நுனியில் இருக்கும் துளி உலோகம் இரண்டு வேறு காசுகளைப் பிரித்துக் காட்டுகிறது! ராபர்ட்ஸ் அதே ஆண்டில் சீனக் கரையோர மக்காவ் நகரில் இறந்தார். தொகுதி பல தலைமுறை கண்ணில் படாமல் இருந்து, 1962இல் வெளிவந்தது.

சரி, கையில் ஒரு ஹாஃப் ஈகிள் இருக்கிறது. ப்ரூஃபா, மெருகேற்றிய சாதாரணமா? இதுதான் முக்கியமான இடம், ஆகவே நிதானமாகவே சொல்கிறேன். மேசையில் மெத்தென்ற துணியை விரியுங்கள். கைகளைக் கழுவித் துடைத்துவிட்டு, காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். கூரையில் இருக்கும் நீள்குழல் விளக்கை அணைத்துவிட்டு ஒற்றைப் பல்பு மேசைவிளக்கைப் போடுங்கள். பரவலான வெளிச்சத்தில் எல்லாக் காசும் அழகாகத் தெரியும், கீறல் ஒளிந்துகொள்ளும். பத்து மடங்கு லென்ஸ் போதும், அதற்கு மேல் வேண்டாம். காசை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள்.

எழுத்துகளின் உட்புறத்தில் தொடங்குங்கள். காசில் உள்ள ‘ஓ’, ‘ஏ’ போன்ற ஆங்கில எழுத்துகளின் வளையத்துக்குள் ஒரு துணுக்குத் தளம் அடைபட்டிருக்கும். அச்சிலேயே மெருகேற்றிய காசில் அந்தத் துணுக்கும் வெளியே உள்ள தளம் போலவே கண்ணாடியாக இருக்கும். காசு வெளிவந்த பிறகு சக்கரத்தில் மெருகு போட்டிருந்தால் துணி அங்கே நுழைந்திருக்காது. உள்ளே மங்கல், வெளியே மினுக்கல். எழுத்துகளின் ஓரமும் காட்டிக்கொடுக்கும். ப்ரூஃபில் எழுத்து கத்தியால் வெட்டியது போல் செங்குத்தாக நிற்கும். மெருகு போட்ட காசில் கரைந்த சோப்பு போல் உருண்டிருக்கும். காசின் வெளிவிளிம்பும் அப்படியே, ப்ரூஃபில் சதுரமாக, தொட்டால் உறுத்துவது போல் தோன்றும்.

அடுத்தது தளத்தின் இழை. 19ஆம் நூற்றாண்டுத் தங்க ப்ரூஃப்களின் கண்ணாடித் தளத்தை லென்ஸில் பார்த்தால் பல காசுகளில் ஆரஞ்சுப் பழத்தோல் போல மிக நுண்ணிய மேடுபள்ளம் அலையடிக்கும். போலி செய்பவர்களுக்கு இதைக் கொண்டுவருவது கடினம். எல்லாக் காசிலும் இது இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் இருந்தால் அது நல்ல சகுனம்.

மூன்றாவது, கோடுகள். இதில்தான் அனுபவசாலிகளும் தடுமாறுவார்கள். மேலெழுந்த கோடா, பள்ளமான கோடா என்று பாருங்கள். அச்சை மெருகேற்றும்போது அச்சில் விழுந்த கீறல் காசில் மேலெழுந்த கோடாக வரும். அது தளத்தோடு நின்றுவிடும், உருவத்தின் மேல் ஏறாது. பின்னாளில் யாரோ துணியால் துடைத்த மயிரிழைக் கீறல் காசுக்குள் பள்ளமாக இருக்கும். தளத்தில் தொடங்கிக் கன்னத்தின் மேலும் ஏறிக் கழுத்திலும் இறங்கும். முன்னது பிறவி மச்சம், பின்னது காயம். மூன்றாவது ஒரு வகையும் உண்டு. அச்சைத் துடைத்த துணியின் நூல்துணுக்கு ஒட்டிக்கொண்டு, அழுத்தும்போது காசில் புழு போல் வளைந்த ஒரு பள்ளத்தைப் பதித்துவிடும். பார்க்கக் கீறல் போல இருந்தாலும் அதுவும் பிறவியிலேயே வந்தது. விலையை அதிகம் குறைக்காது. சொல்லப்போனால் அது காசின் கைரேகை. 1979 முதல் 1981 வரை ஏலம் போன காரெட் தொகுப்பு, 1982இல் விற்ற எலியாஸ்பெர்க் தங்கத் தொகுப்பு, 1990களில் விற்ற டிராம்பெட்டர், பிட்மன் தொகுப்புகள் ஆகியவற்றின் ஏலப்பட்டியல் படங்களில் அந்த நூல்வடு எங்கே இருக்கிறது என்று ஒப்பிட்டு, ‘இது அதே காசுதான்’ என்று வம்சாவளியை நிறுவுகிறார்கள். பழைய ஏலப்பட்டியல்கள் பலவற்றை நியூமேன் நியூமிஸ்மாட்டிக் போர்ட்டல் என்ற இணையக் காப்பகத்தில் காசு கொடுக்காமலே பார்க்கலாம்.

இவ்வளவு பார்த்தும் முடிவுக்கு வர முடியாத காசுகள் உண்டு. 1880களில் பிலடெல்ஃபியா ஒரு டாலர், மூன்று டாலர் சாதாரணக் காசுகளை மிகக் குறைவாகவே அடித்தது. புதிதாக மெருகேற்றிய அச்சில் சில நூறோ சில ஆயிரமோ அடித்தால் எல்லாமே கண்ணாடி போலத்தான் வரும். அவற்றையும் ப்ரூஃபையும் பிரிக்கத் தளத்தின் மினுமினுப்பு உதவாது. ஆண்டு எண்கள் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் நிற்கின்றன, ப்ரூஃபுக்குப் பயன்படுத்தியதாக அறியப்பட்ட அச்சோடு அவை பொருந்துகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். அச்சு பொருந்தவில்லை என்றால் மினுமினுப்புக்காக ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

இனி வேண்டுமென்றே செய்யும் ஏமாற்று. 1883, 1884, 1887 டபுள் ஈகிள் பிலடெல்ஃபியாவில் ப்ரூஃபாக மட்டும் அடித்தது என்று மேலே சொன்னேன். அதே ஆண்டுகளில் சான் ஃபிரான்சிஸ்கோவில் சாதாரணக் காசு ஏராளமாக அடித்தார்கள். கழுகுக்குக் கீழே சிறியதாக ‘எஸ்’ எழுத்து இருக்கும். பிலடெல்ஃபியாக் காசில் அப்படி எந்த எழுத்தும் கிடையாது. ஆகவே ‘எஸ்’ஸைச் சுரண்டி எடுத்து, தளத்தை மெருகேற்றினால் அரிய காசு ஒன்று தயார். கழுகின் வால் அடியில் லென்ஸை வைத்து, காசைச் சாய்த்துப் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் தளத்தின் இழை மாறியிருந்தால், மெல்லிய குழி தெரிந்தால், வைத்துவிட்டு வந்துவிடலாம்.

போலிகளைப் பொறுத்தவரை, தங்கமே இல்லாத மட்டமான போலி தராசிலேயே மாட்டிக்கொள்ளும். ஒப்படர்த்திச் சோதனையும் உதவும்: காசைக் காற்றில் எடை போட்டு, பிறகு நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, முதல் எடையை அந்தக் குறைவால் வகுக்க வேண்டும். 900 தங்கத்துக்கு 17.2 அளவில் வரும். டபுள் ஈகிளில் நீரில் குறைவது 1.94 கிராம், தராசு 0.01 கிராம் பிசகினாலும் விடை 17.1க்கும் 17.3க்கும் இடையில் நிற்கும். ஒரு டாலர் காசில் குறைவதே 0.097 கிராம்தான். அதே 0.01 கிராம் பிசகு விடையை 15.6 வரை கீழேயோ 19.2 வரை மேலேயோ தள்ளிவிடும். சின்னக் காசுக்கு மில்லிகிராம் காட்டும் தராசு இல்லாமல் இதைச் செய்வது வீண். காசில் ஒட்டிய காற்றுக்குமிழியும் கணக்கைக் கெடுக்கும். நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி விட்டுப்போகும். ஆனால் உண்மையான ப்ரூஃபாக இருக்கலாம் என்று தோன்றும் காசை நூலில் கட்டித் தொங்கவிடவே கூடாது. நூல் தேய்த்த இடம் வடுவாகிவிடும். உரைகல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பொற்கொல்லர் ஒரு முறை உரசினால் காசின் விலை அங்கேயே சரிந்துவிடும்.

இந்தச் சோதனைகளெல்லாம் பிடிக்காத போலியும் உண்டு. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் லெபனானிலும் சுற்றுவட்டாரத்திலும் சரியான எடையில், சரியான மாற்றில், உண்மைத் தங்கத்திலேயே அமெரிக்கக் காசுகளைப் போலியாக அடித்தார்கள். மின்னுவது பொன்தான்; காசுதான் பொய். எழுத்துகள் சற்றுக் குழைந்திருப்பது, தளத்தில் உலோகம் திட்டுத்திட்டாகப் புடைத்திருப்பது, விளிம்புப் பற்களுக்கு இடையில் ஊசி போன்ற கோடுகள், ஒரே குழி ஒரே இடத்தில் பல காசுகளில் திரும்பத் திரும்ப வருவது ஆகியவை இவற்றின் அடையாளங்கள்.

அதனால்தான் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி நிறுவனம் சோதித்து, தரமிட்டு, ‘ஸ்லாப்’ எனப்படும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்த காசை மட்டுமே வாங்குங்கள் என்று தொடங்குபவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்னது 1986இலும் பின்னது 1987இலும் தொடங்கியவை. 1 முதல் 70 வரையான அளவுகோலில் மதிப்பெண் தருகிறார்கள். 60க்கு மேல் என்றால் புழக்கத்தில் தேயாத காசு, 63, 64 என்றால் சில மயிரிழைக் கீறல்கள், 65க்கு மேல் கண்ணுக்கு நிறைவானது. உருவமும் தளமும் வெள்ளை கறுப்பாகப் பிரிந்து நின்றால் ‘கேமியோ’ என்றும், இன்னும் வலுவாக இருந்தால் ‘டீப் கேமியோ’ அல்லது ‘அல்ட்ரா கேமியோ’ என்றும் சேர்ப்பார்கள். ஸ்லாப்பையே போலியாகச் செய்கிறார்கள் என்பதால் அதிலுள்ள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையில் உள்ள காசோடு நூல்வடு வரை ஒப்பிடுங்கள். எண் சரியாக இருப்பது மட்டும் போதாது. உண்மையான எண்ணைப் போலிப் பெட்டியில் அச்சடிப்பது எளிது. இன்னொன்று: அந்த நிறுவனங்கள் வெளியிடும் ‘இத்தனை காசுக்குத் தரமிட்டோம்’ என்ற எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். கூடுதல் மதிப்பெண் ஆசையில் பெட்டியை உடைத்து ஒரே காசைப் பல முறை அனுப்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை ஒன்று கூடும்.

மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஓடுவதைவிடத் தளத்தின் தெளிவைப் பார்ப்பதே மேல் என்பது என் கருத்து. மயிரிழைக் கீறல்களை மறைக்கச் சிலர் காசின்மேல் மெழுகு போன்ற பூச்சைத் தடவிவிடுகிறார்கள். தரமிடும்போது தெளிவாக இருக்கும். சில ஆண்டுகளில் பெட்டிக்குள்ளேயே புகைபோல் மங்கிவிடும். புகைபடிந்த 65ஐவிட, ஓரிரு கீறலோடு நேர்மையாக மின்னும் 63 கேமியோ விலையிலும் மலிவு, பின்னால் விற்கவும் எளிது.

வீட்டுச் சுத்தம் என்ற பெயரில் நடப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூந்திக்கொட்டை, புளி, பற்பசை, எலுமிச்சை, நகைத் துணி இவையெல்லாம் வளையலுக்கும் சங்கிலிக்கும் நல்லவை. ப்ரூஃப் காசுக்கு இவை ஒவ்வொன்றும் நஞ்சு. தங்கம் மென்மையானது, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தாலே தளத்தில் நூற்றுக்கணக்கான கோடுகள் விழும். காசுமாலைக்கோ பதக்கத்துக்கோ வளையம் வைத்துப் பற்றவைத்த காசு என்றால் கதை முடிந்தது. பற்று எடுத்த இடம் விளிம்பில் எப்போதும் தெரியும். செம்பு கலந்திருப்பதால் சில காசுகளில் சிவந்த புள்ளிகள் வரும். அவற்றைச் சுரண்டுவதைவிட அப்படியே விடுவது நல்லது. பழைய மென்பிளாஸ்டிக் உறையிலிருந்து பச்சைப் பிசுக்கு ஒட்டியிருந்தால் மட்டும் ஒன்று செய்யலாம். கலப்பில்லாத அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசை விளிம்பைப் பிடித்து உள்ளே இறக்கி, தேய்க்காமல் சில நிமிடம் விடுங்கள். பிறகு இரண்டாவது கிண்ணத்தில் புது அசிட்டோனில் ஒரு முறை அலசுங்கள். நகப்பூச்சு நீக்கி கூடாது. அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். அடுப்பு அருகில் வேண்டாம், சன்னலைத் திறந்து வையுங்கள், ஆனால் மழைநாளில் செய்யாதீர்கள். அசிட்டோன் ஆவியாகும்போது காசு குளிர்ந்துவிடும். நம் ஊர் ஈரக்காற்று அதன்மேல் பனித்துளியாகப் படிந்து, காய்ந்ததும் திட்டுகளை விட்டுவிடும். குளிர்சாதனம் ஓடும், ஈரம் குறைந்த அறையில் செய்தால் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது சிங்கப்பூருக்கே உரிய கணக்கு. 2012 அக்டோபர் முதல் முதலீட்டுத் தங்கத்துக்குப் பொருள் சேவை வரி இல்லை என்பது பலருக்குத் தெரியும். அது 99.5 விழுக்காட்டுத் தூய்மை உள்ள தங்கத்துக்கு மட்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 90 விழுக்காட்டு அமெரிக்கக் காசு அந்த விலக்கில் வராது. வெளிநாட்டு ஏலத்தில் 10,000 அமெரிக்க டாலருக்கு ஏலம் கேட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஏல நிறுவனம் வாங்குபவரிடம் 20 விழுக்காடு கட்டணம் வாங்குவதாக வைத்துக்கொண்டால் 12,000. அனுப்பும் செலவும் காப்புறுதியும் 150 என்றால் 12,150. இந்த மொத்தத்தின் மேல்தான் 9 விழுக்காடு வரி: 1,093.50. ஆக, 10,000 என்று நினைத்துக் கையைத் தூக்கியவர் கட்டுவது 13,243.50. ஏலத்தில் உச்சவரம்பைத் தீர்மானிக்கும்போது கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி வகுத்துக்கொண்டு வருவதுதான் பாதுகாப்பு. விற்பவரிடம் விலையைக் குறைத்து எழுதச் சொல்வது சட்டப்படி குற்றம் என்பதோடு, பொட்டலம் தொலைந்தால் காப்புறுதியும் அந்தக் குறைந்த தொகைக்கே கிடைக்கும். பயணத்தில் கையோடு கொண்டுவந்தாலும், 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவருக்கு வரிச்சலுகை 500 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) மட்டும்தான். மிச்சத்துக்கு அறிவித்து வரி கட்ட வேண்டும். இங்கே உள்ள காசைத் தரமிட வெளிநாட்டுக்கு அனுப்பி வரவழைப்பதாக இருந்தால், அனுப்புமுன்பே சுங்கத்துறையிடம் நடைமுறையைக் கேட்டு ஏற்றுமதி ஆவணத்தைப் பத்திரப்படுத்துங்கள். இல்லாவிட்டால் சொந்தக் காசுக்கே மீண்டும் வரி கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

எதில் தொடங்கலாம்? 1884 முதல் 1889 வரையான ஒரு டாலர் ப்ரூஃப்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் அடித்தவை. 1889இல் மட்டும் 1,779. இந்தத் துறையில் ஓரளவு எட்டக்கூடிய விலை அவற்றுக்குத்தான். அதற்கடுத்து 1890களின் குவாட்டர் ஈகிள்கள். ஆண்டுவரிசையாகச் சேர்க்க நினைத்தால் வாழ்நாளும் போதாது, பணமும் போதாது. வகைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்தது. எல்லாரும் பேசும் நான்கு டாலர் ‘ஸ்டெல்லா’வுக்கு ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1879, 1880 ஆண்டுகளில் சோதனைக்காக அடித்த மாதிரிக் காசு அது, புழக்கத்துக்கு வரவே இல்லை. எடை 7 கிராம். அதில் 6 கிராம் தங்கம், 0.3 வெள்ளி, 0.7 செம்பு என்று காசிலேயே பொறித்திருக்கும். நகையாக அணிந்து கெட்ட ஸ்டெல்லாக்கள் பல. தங்கமுலாம் பூசிய நகல்களோ இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. 1973ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி நகலில் ‘காப்பி’ என்று பொறிக்க வேண்டும். அந்தச் சொல்லை விற்பவரின் படத்தில் விரலோ நிழலோ மறைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாதுகாப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்லாப் பெட்டி காற்றுப்புகாதது அல்ல. கேமராவுக்கு வைக்கும் ஈரமகற்றும் அலமாரியில் 40 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைத்தால் போதும். வங்கிப் பெட்டகம் என்றால் சிலிக்கா ஜெல் பையைப் போட்டு, அதை அவ்வப்போது மாற்றுங்கள். விலைச்சீட்டும், வரி கட்டிய ரசீதும், காசின் இருபக்கப் படமும் வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

பெட்டகத்தில் காசோடு ஒரு சீட்டும் வையுங்கள். பிள்ளைகளுக்கும் துணைவருக்கும் புரியும் தமிழில் ஆண்டு, முகமதிப்பு, ஸ்லாப் எண், வாங்கிய விலை ஆகியவற்றையும், அதன் கீழே பெரிய எழுத்தில் இதையும் எழுதுங்கள்: ‘பெட்டியை உடைக்காதே. துடைக்காதே. எடைக்கு விற்காதே.’

இப்படிக்கு,
பழைய நாணயங்களில் ஈடுபாடுள்ள வாசகர்,
சிங்கப்பூர்